கப்பல் எங்கே நிற்கிறது?

பாலவனத்தத்துக்குக் கடல் கிடையாது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில், வானம் பார்த்த கரிசலுக்கு நடுவில் இருக்கிற ஊர். பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு. மழை தப்பிய வருஷம் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம். தெற்கே வேம்பாறு வரை போனால்தான் உப்புக்காற்று. இருந்தும் 1906-ல் இந்த ஊர் ஜமீன்தார் ஒரு கப்பல் கம்பெனிக்குத் தலைவராக உட்கார்ந்தார். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர்தான் அவர். கம்பெனி, வ.உ.சிதம்பரனாரின் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி.

நம் கடற்படையின் ரேடார் கப்பல் ஒன்றின் கதையை இந்த ஜமீன்தாரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே முதலில் வாடகைக் கப்பலைத்தான் ஓட்டினார்கள். போட்டிக் கப்பல் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். சரக்கு இருந்தது, பயணிகள் இருந்தார்கள், கடலும் இருந்தது. கப்பல்தான் தங்கள் கையில் இல்லை. அந்த அடிக்குப் பிறகுதான் 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்களைப் பிரான்சிலிருந்து விலைக்கே வாங்கிக் கொண்டுவந்தார்கள். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது, ஜூலையில் தண்டனை. 1911-ல் கம்பெனி கலைந்தது. அதே வருஷம் டிசம்பரில் பாண்டித்துரைத் தேவரும் காலமானார்.

தோற்றது ஒரு கம்பெனி; சண்டை ஓயவில்லை. 1919-ல் பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பிறந்தது. வால்சந்த் ஹிராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் அதைத் தொடங்கியவர்களில் இருவர். அந்த வருஷம் ஏப்ரல் 5-ம் தேதி அவர்களுடைய எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. ஏப்ரல் 5-ஐத் தேசியக் கடல்சார் தினமாக இன்றும் கொண்டாடுவது அதனால்தான். (அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே தூத்துக்குடிக்குக் கப்பல் வந்துவிட்டது, நாம் அதற்கு ஒரு தேதி கேட்டு வாங்கவில்லை.) சிந்தியாவுக்கும் எதிரி அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான், கட்டணக் குறைப்புச் சண்டைதான். இவர்களிடம் பணபலம் இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். கப்பலை வாங்கினால் போதாது, கட்டவும் வேண்டும் என்று 1941 ஜூன் 21-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல் நாட்டியவர் ராஜேந்திர பிரசாத். அடுத்த வருஷமே ஜப்பானியக் குண்டு அந்த ஊரில் விழுந்தது. 1948 மார்ச் 14-ல் அந்தத் தளத்தின் முதல் கப்பலான ‘ஜல உஷா’வை நேரு கடலில் இறக்கிவைத்தார். பிறகு அரசு தளத்தை எடுத்துக்கொண்டு ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஆக்கியது. விசாகப்பட்டினத்தில் அந்தப் பகுதிக்கு இன்றும் சிந்தியா என்றே பெயர்.

2010-ல் இந்தத் தளம் கப்பல் துறை அமைச்சகத்திடமிருந்து பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மாறியது. நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. 2014 ஜூன் 30-ம் தேதி அங்கே ஒரு கப்பலுக்கு அடிமரம் இட்டார்கள். பெயர் இல்லை, 11184 என்ற கட்டுமான எண் மட்டும்தான். மூடிய உலர்துறைக்குள், வெளியாள் பார்வை படாமல் வேலை நடந்தது. 2018-ல் கடல் சோதனைக்கு வெளியே வந்தபோதுதான் மேல்தளத்தில் பெரிய உருண்டைக் கூடுகளோடு ஒரு விசித்திரமான கப்பல் வளர்ந்திருப்பது ஊருக்குத் தெரிந்தது. 175 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 அக்டோபரில், சத்தமில்லாமல் கைமாறியது. 2021 செப்டம்பர் 10-ம் தேதி தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் அஜித் தோவல் முன்னிலையில் ஐ.என்.எஸ். துருவ் என்று பெயர் பெற்றுக் கடற்படையில் சேர்ந்தது.

கடற்படையோடு, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கும், என்.டி.ஆர்.ஓ. எனப்படும் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்புக்கும் இந்தக் கப்பலில் பங்கு உண்டு. பீரங்கியை நம்பிய கப்பல் அல்ல இது. இதன் வேலை பார்ப்பது.

எதைப் பார்க்க? ஒடிசா கடற்கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவுகணையைச் சோதிக்கிறார்கள். 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடியது. அது வந்து விழும் இடம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி. கிளம்புவதை ஒடிசாவிலிருந்து பார்க்கலாம். விழுவதைப் பார்க்க முடியாது. பூமி உருண்டை. ரேடாரின் அலை, கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் ஒரு ரேடார் இருந்தால், கடல்மட்டத்தில் இருக்கும் பொருளை அது சுமார் 26 கிலோமீட்டர் வரைதான் பார்க்கும். 100 கிலோமீட்டர் உயரத்தில் வருகிற பொருளை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும். அதற்கு அப்பால் எவ்வளவு மின்சாரத்தைக் கொட்டினாலும் நடுவில் பூமி நிற்கிறது. எனவே ஏவுகணையின் கடைசி நிமிடங்களைக் காண வேண்டுமானால் ரேடாரைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். அங்கே நிலம் இல்லை. 2012 ஏப்ரல் 19-ல் அக்னி-5 முதன்முதலாகப் பறந்தபோது வழியிலும் இலக்கின் பக்கத்திலும் கப்பல்களை நிறுத்தித்தான் பார்த்தார்கள். அந்த வேலைக்கென்றே பிறந்த கப்பல் துருவ். 2024 மார்ச் 11-ல் ஒரே அக்னி-5 பல போர்முனைகளைச் சுமந்து சென்று வெவ்வேறு இடங்களில் இறக்கும் சோதனை நடந்தது. அப்படிப்பட்ட சோதனையில், விழும் இடத்தில் நிற்கும் ரேடாரின் வேலை ஒன்றுக்குப் பலவாகிறது.

துருவில் இரண்டு வகை ரேடார்கள் இருப்பதாகச் செய்திகள் சொல்கின்றன. ஒன்று எஸ்-அலைவரிசை, அலைநீளம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். மற்றது எக்ஸ்-அலைவரிசை, மூன்று சென்டிமீட்டர். முதலாவது பரந்த வானத்தைத் துழாவி, ஏதோ வருகிறது என்று சொல்லும். இரண்டாவது அதையே உற்றுப் பார்த்து, வருவது என்ன என்று சொல்லும். இரண்டுமே மின்னணு முறையில் கதிரைத் திருப்புபவை என்பது இன்னொரு விசேஷம். பழைய ரேடார்களைப் போலத் தட்டைச் சுழற்றினால்தான் பார்வை திரும்பும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு அலைபரப்பிகளை ஒரே பலகையில் பதித்து, ஒவ்வொன்றும் அலையை வெளிவிடும் கணத்தைத் துளித்துளியாக முன்பின் மாற்றினால் மொத்தக் கதிரும் வேண்டிய திசைக்குத் திரும்பும். கண்ணிமைக்கும் நேரத்தில் வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவலாம். ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடரலாம்.

உற்றுப் பார்க்கும் ரேடார் எதற்கு என்பதைக் கரிசல்காட்டு ஆளுக்குச் சொல்வது சுலபம். களத்தில் கம்பைத் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போகும்; பிரித்துத் தருவது காற்று. எதிரியின் ஏவுகணை வளிமண்டலத்துக்கு வெளியே வெடிமுனையையும் அதே உருவத்தில் காற்றடைத்த பொய்ப் பலூன்களையும் சேர்த்து வீசினால், அங்கே தூற்றுவதற்குக் காற்று இல்லை. கனத்த வெடிமுனையும் கனமற்ற பலூனும் ஒன்றாகவே, ஒரே வேகத்தில் வரும். எது மணி, எது பதர் என்று நுணுக்கமான அலையால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வளிமண்டலத்துக்குள் நுழைந்த பிறகு பலூன்கள் பின்தங்கி எரிந்துபோகும். ஆனால் அதற்குள் மிச்சம் இருப்பது நிமிடத்துக்கும் குறைவான நேரம். ஏவுகணைத் தடுப்பில் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமான கணக்கு இது.

கப்பலில் இதைச் செய்வது இன்னும் கடினம். தரை ரேடார் அசையாது. கப்பல் அலையில் ஆடும், முன்னும் பின்னும் முழுகி எழும். கப்பலின் சாய்வை ஒரு பாகை தப்பாக எடுத்தால் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொருளின் இடம் 17 கிலோமீட்டர் விலகிவிடும். ஆகவே தன் இருப்பிடம், தன் சாய்வு, தன் கடிகாரம் மூன்றையும் கப்பல் ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மேல் உப்பு. இதற்கும் மேல் மின்சாரம். துருவ் 14 மெகாவாட் மின்சாரம் எடுக்கக்கூடியது என்று செய்திகளில் வந்தது. சாதாரணச் சரக்குக் கப்பலுக்கு இவ்வளவு தேவையில்லை.

இவ்வளவையும் ஒரு கட்டத்தில் அமெரிக்கா வேறு மாதிரி செய்து பார்த்தது. அந்தப் பொருளின் பயணம் துருவின் பயணத்தைவிட விசித்திரமானது. எஸ்.பி.எக்ஸ். என்று பெயர், கடலில் மிதக்கும் எக்ஸ்-அலைவரிசை ரேடார். அதன் அடிப்பாகம் போர்க் கப்பலே அல்ல. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்காக நார்வே நாட்டு வடிவமைப்பில், ரஷ்யாவின் வீபோர்க் நகரக் கப்பல் தளத்தில் கட்டிய மிதக்கும் மேடை. ரஷ்யாக்காரன் பற்றவைத்த இரும்பின் மீது அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு ரேடார்! 2003-ல் அதை விலைக்கு வாங்கி, டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் தளத்துக்குக் கொண்டுபோய் மாற்றியமைத்தார்கள். அங்கிருந்து கடற்கரையோரமாக வடக்கே கொண்டுசென்று, 2005-ல் ரேடாரைத் தூக்கி ஏற்றினார்கள். சுமார் 45,000 அலைபரப்பிகள். அதன் மேல் முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த உறை. உள்ளே சட்டமோ தூணோ கிடையாது, வெறும் காற்றழுத்தத்தில் நிற்கிறது. அடியிலிருந்து உச்சிவரை 85 மீட்டர், எடை 50,000 டன்.

இந்தப் பூதத்தைப் பசிபிக் பக்கம் கொண்டுபோக வேண்டும். பனாமா கால்வாயில் நுழையாத அகலம். ‘புளூ மார்லின்’ என்ற சுமைக் கப்பல் தன் தளத்தை நீருக்குள் தாழ்த்தி, இதை முதுகில் வாங்கி எழுந்து, தென் அமெரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு போனது. 2000-ம் ஆண்டு ஏடனில் குண்டுவெடிப்பில் சேதமான ‘கோல்’ போர்க் கப்பலை ஊருக்குச் சுமந்து வந்ததும் இதே புளூ மார்லின்தான். 2006 ஜனவரி 9-ல் ஹவாயின் பேர்ல் துறைமுகம் வந்து சேர்ந்தது. அங்கிருந்து அலாஸ்காவின் அடாக் தீவில் போய்க் குடியிருக்க வேண்டும் என்பது திட்டம். நங்கூரத்துக்கு ஏற்பாடெல்லாம் செய்துவிட்டார்கள்; குடியிருப்பு நடக்கவே இல்லை. வட பசிபிக்குக்கும் ஹவாய்க்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது. செலவு இரண்டு பில்லியன் டாலருக்கு மேல்.

2007-ல் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு முகமையின் தலைவர் செனட் குழுவுக்கு ஒரு விளக்கம் சொன்னார். இந்த ரேடாரைக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் நிறுத்தினால் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோவின் மேலே இருக்கும் பேஸ்பால் அளவு பொருளைக்கூடப் பார்க்கும் என்றார். செனட்டர்கள் அசந்துபோயிருப்பார்கள். எட்டு வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர் ஒருவர் கணக்குப் போட்டார். அந்தப் பந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மேலே சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்தான் தெரியும். அவ்வளவு உயரத்தில் எந்த ஏவுகணை வருகிறது? ரேடார் பொய் சொல்லவில்லை. பந்தின் அளவைச் சொன்னவர்கள் பூமியின் வளைவைச் சொல்லவில்லை. மேலும் அதன் பார்வை ஒரே நேரத்தில் 25 பாகைக்குள்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று வேறொரு ரேடார் சொல்லித்தர வேண்டும். பிரமாதமான பூதக்கண்ணாடியைக் காவல்காரன் வேலைக்கு வைத்துவிட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம். சோதனைகளில் அது நன்றாகவே உழைத்தது. 2008-ல் அமெரிக்கா தன் செயலிழந்த செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியபோதும் உதவியது. அடாக் தீவுக்குத்தான் போகவில்லை. அமெரிக்கா பிறகு கப்பலுக்கே திரும்பிவிட்டது. அதன் ‘ஹோவர்டு லோரன்சன்’ கப்பலிலும் எஸ், எக்ஸ் என்ற அதே ஜோடிதான்.

இதே கதை நம் வாசலுக்கும் வந்தது. 2022 ஆகஸ்ட் 16-ல் சீனாவின் ‘யுவான் வாங் 5’ இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் வந்து நின்றது. 22-ம் தேதி வரை நின்றது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொடர்கிற கப்பல் அது. இலங்கை முதலில் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு தன் எல்லைக்குள் ஆராய்ச்சி எதுவும் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. அந்த வாரம் தமிழ்த் தொலைக்காட்சிகளில் 750 கிலோமீட்டர் என்று ஒரு வட்டம் போட்டு, கூடங்குளமும் கல்பாக்கமும் ஸ்ரீஹரிகோட்டாவும் உளவு பார்க்கப்படுகின்றன என்று மாலை முழுக்கப் பேசினார்கள்.

அம்பாந்தோட்டைக்கும் கூடங்குளத்துக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 440 கிலோமீட்டர். கப்பலில் 40 மீட்டர் உயரத்தில் ரேடார் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், கூடங்குளத்துக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் அதன் பார்வைக்குள் வராது. அணு உலையின் குவிமாடம் தெரியாது. பயணிகள் விமானம் உச்ச உயரத்தில் போனால் தெரியலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பும் ராக்கெட் நாற்பது கிலோமீட்டர் உயரம் ஏறிய பிறகு தெரியும். இதனால் அந்தக் கப்பல் அப்பாவி என்று ஆகிவிடாது. அது துறைமுகத்தில் நின்றது அபாயமல்ல. துறைமுகத்தில் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு, நம் ஏவுகணை விழுகிற தென்கடலுக்குப் போய் நிற்க முடிகிறதே, அதுதான் கவலைக்குரியது. இந்தியா சோதனைக்கு முன்னால் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் விலகிப் போகச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அந்த அறிவிப்பே, பார்க்க விரும்புகிறவனுக்கு அழைப்பிதழ். தொலைக்காட்சியில் வட்டம் போட்டவர்கள் ராமேசுவரத்தைச் சுற்றிப் போட்டிருந்தார்கள். போட வேண்டிய இடம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் எதற்கும் அனுமதி இல்லை என்று பிறகு இலங்கை அறிவித்தது.

துருவ் விஷயத்திலும் நம் ஊரில் அதே மிகை நடக்கிறது. எதிரியின் ஏவுகணைகளிலிருந்து இந்திய நகரங்களைக் காக்கும் கேடயம் என்று எழுதுகிறார்கள். கேடயம் அல்ல. தடுத்து அடிக்கும் ஏவுகணை வேறு, அதைச் சுடும் கப்பல் வேறு. இந்தியாவின் ஏவுகணைத் தடுப்புத் திட்டம் 2006 நவம்பரில் தன் முதல் இடைமறிப்பைச் சோதித்தது. அதன் பெரிய ரேடார்கள் நிலத்தில் இருக்கின்றன. கடலிலிருந்து, வளிமண்டலத்துக்குள் வரும் ஏவுகணையைத் தடுக்கும் ஏவுகணையை டி.ஆர்.டி.ஓ.வும் கடற்படையும் முதன்முதலாகச் சோதித்தது 2023 ஏப்ரல் 21-ல், ஒடிசா கடலோரத்தில். இத்தகைய சோதனைகளுக்காகவே கொச்சித் தளத்தில் ‘அன்வேஷ்’ என்ற கப்பலையும் கட்டியிருக்கிறார்கள். இவை ஆரம்ப அடிகள். துருவ் செய்வது முதல் வேலை: நம் ஏவுகணை எப்படி வந்தது, பிறர் ஏவுகணை எப்படிப் போனது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது. அந்தக் குறிப்பு இல்லாமல் கேடயம் செய்ய முடியாது. அந்தக் குறிப்பை வேறு நாட்டிடம் கேட்டு வாங்கவும் முடியாது. கொடுத்தாலும் முழுசாகக் கொடுக்க மாட்டார்கள். வாடகைக் கப்பலில் வியாபாரம் தொடங்கிய தூத்துக்குடிக்காரர்கள் 1907-ல் கண்ட உண்மையும் இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. ரேடார் எந்த அலைவரிசையில், எவ்வளவு தூரம் என்பதை மறைக்கட்டும், அது நியாயம். ஆனால் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு அரசுத் தளம், நாடு அதுவரை கட்டியறியாத ஒரு கப்பலைக் கட்டி முடித்திருக்கிறது. ஜல உஷாவைப் பிரதமரே வந்து கடலில் இறக்கிவைத்த அதே ஊரில், துருவைக் கட்டிய வெல்டர்களுக்கும் பிட்டர்களுக்கும் ஊரறியக் கைதட்டு கிடைக்கவில்லை. கருவிகளை மூடிவைத்துவிட்டுத் தொழிலாளர்களைக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று, துருவ் ஒரே ஒரு கப்பல். துறைக்கு வர வேண்டும், பழுது பார்க்க வேண்டும், ஆட்களை மாற்ற வேண்டும். அது வங்கக்கடலில் நிற்கும் நாளில் அரபிக்கடல் அதன் பார்வையில் இல்லை. தென்கடலில் நிற்கும் நாளில் இரண்டும் இல்லை. எனவே அடுத்த முறை யாராவது மேசையைத் தட்டி, நம் கப்பல் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்றோ அவர்கள் கப்பல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டது என்றோ சொன்னால், வாசகர்கள் இரண்டே கேள்விகள் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்: அன்றைக்குக் கப்பல் எங்கே நின்றது? பார்த்ததாகச் சொல்லும் பொருள் எவ்வளவு உயரத்தில் இருந்தது?